யாருடைய மடியில்?

வீட்டில் அவளுக்குப் பெயர் மேடம். சின்ன வயதில் ஒரு நாள், அரசாங்க ஆபீஸில் வேலைக்குப் போவேன், ஊரே என்னை மேடம் என்று கூப்பிடும் என்று சாப்பாட்டுத் தட்டைத் தட்டி அறிவித்தாள். ஊர் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டாம் என்று அண்ணன் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டான். போன வருடம் அவள் சுருக்கெழுத்தர் தேர்வில் தோற்றுத் திரும்பியதும் அதே அண்ணன் அந்தப் பெயரில் ஓர் உயிரெழுத்தை மட்டும் மாற்றினான். மேடம், மடம் ஆனாள்.

இதிலுள்ள விஷமம் விளங்க வேண்டுமானால் சுருக்கெழுத்து எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும். கம்ப சூத்திரம் ஒன்றுமில்லை. பேசுகிறவர் வாய்க்கு ஈடாக எழுதுகிறவர் கை ஓடாது. அதனால் சுருக்கெழுத்தில் மெய்யெழுத்துகளுக்கு மட்டும் ஆளுக்கொரு கோடு. 'ம்' ஒரு வளைவு, 'ட்' ஒரு நேர்கோடு. உயிரெழுத்தைப் புள்ளியாகவோ கீற்றாகவோ பக்கத்தில் வைக்கலாம். ஆனால் வைத்துக்கொண்டிருந்தால் பேசுகிறவர் அடுத்த பத்திக்குப் போயிருப்பார். ஆகவே மெய்யை எழுதி உயிரை விட்டுவிட வேண்டியது. பிறகு தட்டச்சு செய்ய உட்காரும்போது அந்த எலும்புக்கூடுகளுக்கு ஒவ்வொன்றாக உயிர் கொடுக்க வேண்டியது. உயிரை விட்டுப் படிக்கிறேன் என்று மற்றவர்கள் பேச்சுக்குச் சொல்வார்கள். சுருக்கெழுத்துக்காரர்கள் பாடத்திட்டப்படியே செய்கிறார்கள்.

மடி, மாடு, மேடை, மேடு, மூடி எல்லாவற்றுக்கும் எலும்பு ஒன்றுதான்: ஒரு வளைவு, ஒரு கோடு. அப்படியானால் எதை எது என்று கண்டுபிடிப்பது? அதற்கும் ஓர் அழகான ஏற்பாடு உண்டு. சொல்லின் முதல் உயிர் அ, ஆ ஜாதி என்றால் தாளில் உள்ள கோட்டைத் தொடாமல் கொஞ்சம் மேலே மிதக்கவிட்டு எழுத வேண்டும். எ, ஏ என்றால் கோட்டில் உட்கார வைக்க வேண்டும். உ, ஊ என்றால் கோட்டை வெட்டிக்கொண்டு கீழே இறங்க வேண்டும். உட்கார்ந்திருந்தால் மேடை, மிதந்தால் மடி, முங்கினால் மூடி. அவ்வளவுதான். ஒரு சொல்லின் தலையெழுத்து அது நிற்கும் உயரத்தில் இருக்கிறது.

போன வருடத் தேர்வில் வாசித்தது ஒரு திறப்பு விழாச் செய்தி. "செயலாளர் தலைவருடன் மேடையில் அமர்ந்தார்" என்று வாசித்தார்கள். அவள் தட்டச்சு செய்து கொடுத்தது, "செயலாளர் தலைவருடன் மடியில் அமர்ந்தார்." அதோடு நின்றிருந்தால் பிழைத்திருப்பாள். மடி மலர்களால் அலங்கரிக்கப்பட்டிருந்தது. மடியேறிப் பேசிய உறுப்பினர்கள் சாலை வசதி கோரினார்கள். விழா முடிந்து அனைவரும் மடியிலிருந்து இறங்கினார்கள். முதல் மடியில் அவளுக்கே சந்தேகம் வந்தது. இரண்டாவது மடியில் பழகிவிட்டது. மூன்றாவதில் அவளும் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

விடைத்தாளின் நகலை எழுதிக் கேட்டு வாங்கினாள். முதல் மடியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, ஓரத்தில் திருத்தியவர் பொறுமையாக ஒரு கேள்வி எழுதியிருந்தார்: "யாருடைய மடியில்?"

ஒரே ஒரு பிழை குறைந்திருந்தால் தேறியிருப்பாள். இனி ஒரு முறைதான் எழுதலாம். அதற்குமேல் வயது வரம்பு கதவைச் சாத்திவிடும். சாத்தினால் என்ன ஆகும் என்பதும் வீட்டில் முடிவாகியிருந்தது. அண்ணன் ஏலக்கடையில் ஏலம் கூறுகிறவன். அங்கே வரும் நாற்காலி, அலமாரி, பீங்கான் கோப்பைகளுக்கெல்லாம் எண் ஒட்ட ஆள் தேவைப்பட்டது.

"ஒன்னும் கஷ்டமில்ல, மடம்" என்றான் அண்ணன். "நாக்கால ஈரம் பண்ணணும், ஒட்டணும். சம்பளத்தோட நாக்குக்கு வேலை. உன் அண்ணிக்குக் கூட இந்த அதிர்ஷ்டம் கெடைக்கல."

"எனக்கு நாக்குக்கு வேலை குடுக்கத்தான் உங்கள கட்டிக்கிட்டேனே" என்றாள் அண்ணி. "பத்தாதா?"

அண்ணி தரைக்கு டைல்ஸ் பதிக்கிறவள். மூட்டுக்கு ரப்பர் பட்டை, கையில் ரப்பர் சுத்தியல், இடுப்பில் ரசமட்டம். ரசமட்டம் தெரியாதவர்களுக்கு: ஒரு நீளப் பட்டை, நடுவில் சின்னக் கண்ணாடிக் குழாய், அதற்குள் திரவம், திரவத்தில் ஒரு குமிழி. பட்டையை எதன்மேல் வைத்தாலும் குமிழி உயரமான பக்கத்துக்கு ஓடும். நடுவில் நின்றால் தளம் மட்டம். அந்தக் குமிழி பொய் சொல்லாது என்பது அண்ணியின் மதம். வீட்டில் சண்டை வந்தால்கூட யார் சொல்வது நியாயம் என்று பேச்சின்மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பதுபோலக் கண்ணைச் சுருக்குவாள்.

மறுபடியும் தயாரிப்பு தொடங்கியது. சுருக்கெழுத்துக்குப் படிக்க இன்னொருவர் வாய் வேண்டும். யாராவது வாசித்தால்தான் எழுதலாம். முதலில் அண்ணன்தான் முன்வந்தான். மேடம் ஜன்னலோரம் உட்கார்ந்து நோட்டை மடியில் வைத்துக்கொண்டாள். அண்ணன் அரசாங்கக் கடிதம் ஒன்றைக் கையில் எடுத்துத் தொண்டையைச் செருமினான்.

"பொருள், குடிநீர்க் குழாய் பழுது. மேற்படி குழாயைப் பார்வையிட்டதில், நல்லாப் பாத்துக்குங்க, குழாய் விரிசல் கண்டுள்ளது, விரிசல்தானே தவிர ஒடையல, ஒடையவே இல்ல, அந்த ஓரத்துல நிக்கறவங்க கிட்ட வந்து பாருங்க, எனவே உடனடியாக மாற்றித்தருமாறு ஒருதரம், மாற்றித்தருமாறு ரெண்டுதரம்..."

"அண்ணா, அது ஏலத்துக்கு வந்த குழாய் இல்ல."

"வேகம் வேணும்னு கேட்டல்ல?"

"வேகம் வேணும். விக்க வேண்டாம்."

அன்று எழுதியதைத் தட்டச்சு செய்து பார்த்தபோது அரசாங்கம் அந்தக் குழாயை யாருக்கோ விற்றிருந்தது.

அடுத்த நாளிலிருந்து அண்ணி வாசித்தாள். ஒரு கையில் கடிதம், மறு கையில் ரப்பர் சுத்தியல். ஒரு சொல், தரையில் ஒரு தட்டு. நாளெல்லாம் டைல்ஸைத் தட்டித் தட்டி உட்கார வைக்கிற கை அது. தட்டுக்குத் தட்டு இடைவெளி மாறவே மாறாது. தேர்வில் வாசிப்பவர்களுக்கும் நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று கணக்கு உண்டு என்பதால் இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது. கீழ்வீட்டுக்காரர் மட்டும் இரண்டு முறை மேலே வந்து, தளம் போட்டு முடிந்ததா என்று கேட்டுவிட்டுப் போனார்.

வேகம் வந்தது. மடி போகவில்லை. வழக்கம்போல எழுதிய நோட்டில் மேடைகளெல்லாம் கோட்டில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தன. ஆனால் பக்கத்து வீட்டு உயரமான இஸ்திரிப் பலகையைக் கேட்டு வாங்கி, அதன்மேல் நோட்டை வைத்து, தேர்வு அறை மாதிரி ஒரு நாள் எழுதிப் பார்த்தபோது, வரியின் இடது பக்கத்தில் மேடை மேடையாகவே இருந்தது. வலது ஓரத்துக்குப் போகப் போக மடியாகிக்கொண்டே வந்தது.

"பலகையில கோளாறா, கையில கோளாறா?" என்றாள் அண்ணி. பலகையின்மேல் ரசமட்டத்தை வைத்தாள். குமிழி நடுவில் நின்றது. யோசித்தாள். "எப்பவும் எழுதற மாதிரி உக்காரு. நோட்ட மடியில வை."

மேடம் உட்கார்ந்தாள். அண்ணி நோட்டின்மேல் ரசமட்டத்தை வைத்தாள். குமிழி இடது பக்கம் ஓடி, சுவரில் முட்டிக்கொண்டு நின்றது.

"என்னங்க, இங்க வாங்க" என்று அண்ணி உள்ளே குரல் கொடுத்தாள். "உங்க தங்கச்சிக்கு மடி சரிவு."

அண்ணன் வந்து குனிந்து பார்த்தான். "மழைத் தண்ணி தேங்காம ஓடிடும். நல்லதுதானே."

"சும்மா இருங்க. நான் வாசிக்கறேன், நீ எழுது. கால யாரும் அசைக்காதீங்க."

நாலு தட்டு தட்டுவதற்குள் தெரிந்துவிட்டது. வாசிப்பு வேகமெடுத்ததும் மேடத்தின் இடது கால் தானாக நுனிவிரலில் எழுந்து நின்றது. இடது முழங்கால் உயர்ந்தது. நோட்டு வலப்பக்கம் சரிந்தது. சரிந்த தாளில் கை கீழே வழுக்கும்; நேராக எழுத, வலப்பக்கம் போகப் போகக் கையைக் கொஞ்சம் தூக்கிக்கொடுக்க வேண்டும். வருடக்கணக்காகத் தூக்கிக்கொடுத்துப் பழகிய கை, மட்டமான மேசையைக் கண்டபோதும் தூக்கியே கொடுத்தது. தாளின் ஓரத்தில் இருந்த மேடைகளெல்லாம் காற்றில் எழும்பி மடிகளாயின.

மேடம் நோட்டை மூடினாள். "ஆக, மடியில வச்சு எழுதினதாலதான் மேடை மடியாச்சு."

"திருத்தினவர் யாரு மடின்னு கேட்டாரே" என்றான் அண்ணன். "இப்ப பதில் எழுதிப் போட்டுடலாம்."

காலைத் தரையில் ஊன்றி எழுதிப் பார்த்தாள். ஊன்றினால் வேகம் பாதியாகக் குறைந்தது. அந்த நுனிவிரல்தான் அவளுக்கு ஆக்ஸிலரேட்டர்போலிருக்கிறது. அண்ணி வலது காலுக்கு அடியில் ஒரு டைல்ஸ் துண்டை வைத்தாள். குமிழி நடுவுக்கு வந்தது.

"இது ஒரு வழி. ஆனா பரீட்சைக்கு டைல்ஸ் துண்டோட போனா வாசல்லயே பிடிச்சுப்பாங்க. அங்க மேசை இருக்கும். இங்கயும் மேசையில எழுதிப் பழகணும்."

வீட்டில் மேசை இல்லாமல் இல்லை. அதில் பெரியவர் இருந்தார். பெரியவர் என்பது மார்பளவுச் சிலை. அடர்ந்த மீசை, எதையோ மறந்துவிட்டு நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கும் முகம். யாருடைய சிலை என்று யாருக்கும் தெரியாது. ஏலக்கடைக்கு வந்து, ஒவ்வொரு ஏலத்திலும் ஒருதரம், ரெண்டுதரம் வரை போய், மூன்றாம் தரத்துக்கு ஆளில்லாமல் திரும்பிய சரக்கு. கிடங்கில் இடமில்லாததால் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தான். மேசையைவிடப் பலமான இடம் வீட்டில் இல்லை. ஆகவே குடும்பம் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிட, பெரியவர் மேசையில் இருந்து மேற்பார்வையிட்டார்.

"அவர வித்துட்டு வாங்க" என்றாள் அண்ணி.

"யாருன்னு தெரியாத ஆள எப்படி விக்கறது?"

"தெரியாத ஆளுக்கு வித்துடுங்க."

ஏலத்தன்று காலையில் அண்ணன் பெரியவரைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினான். பக்கத்தில் வைத்தால் உருளுவார் என்பதால் மடியில் உட்கார வைத்துக்கொண்டான். மேடம் மாடியிலிருந்து பார்த்தாள். அண்ணனும் மேலே பார்த்தான். "சொல்லாத" என்றான். அவள் சொல்லவில்லை, வண்டி தெருமுனை திரும்பும்வரை சிரித்தாள்.

அண்ணன் தனியாகத் திரும்பி வந்தான். "ஏதோ ஆபீஸ்காரங்க. காலிப் பீடம் ஒன்னு கெடக்காம். அளவு சரியா இருக்கான்னு மட்டும் கேட்டாங்க. ஆள் யாருன்னு கேக்கவே இல்ல."

மேசை காலியானது. அன்றிலிருந்து நோட்டு மேசையில், கால் எங்கே வேண்டுமானாலும். கையைத் தூக்கிக்கொடுக்கும் பழக்கத்தை மறக்கடிக்கத்தான் நாள் பிடித்தது. அண்ணி வரியின் வலது ஓரத்தில் வரும்படி வேண்டுமென்றே மேடைகளைச் செருகி வாசித்தாள். குடிநீர்க் குழாய் மேடையில் பழுதானது. விடுப்பு விண்ணப்பம் மேடையில் நிராகரிக்கப்பட்டது. மேடம் எழுதினாள், தட்டச்சு செய்தாள், மறுபடி எழுதினாள். தற்காலிகமாக வேலை பார்த்த நகல் கடைக்குப் போகும் வழியில் கடைப் பலகைகளின் எழுத்துகளிலிருந்து மனதுக்குள் உயிரை உருவிப்போட்டு மறுபடி மாட்டினாள். மழைக்காலம் வந்து போனது. மேடைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிக் கோட்டில் அமர்ந்தன.

தேர்வு நாளில் அண்ணன், ஒட்டுகிற எண் சுருளைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு வழியனுப்பினான். "பாஸானா தூக்கிப் போட்டுடறேன், மடம்."

"எதுக்கு? உங்க வாயில ஒட்டலாம்" என்றாள் அண்ணி.

தேர்வு அறைக்குள் நுழைந்ததும் பெயின்ட் வாசனை வந்தது. மேசைகளெல்லாம் பச்சைப் பசேலென்று பளபளத்தன. முன்னால் நின்ற கண்காணிப்பாளர் கையைத் தூக்கி நிறுத்தினார். தூக்கிய கையின் முழங்கை பச்சையாக இருந்தது.

"யாரும் மேசையத் தொடாதீங்க. நேத்துதான் அடிச்சிருக்காங்க, இன்னும் காயல. நாற்காலிய எடுத்து நடுவுல போட்டுக்குங்க. ஆளுக்கு ஒரு அட்டை தரேன். மடியில வச்சு எழுதுங்க."

மேடத்துக்குக் காதில் விழுந்தது, மூளையில் விழவில்லை. "சார், எதுல வச்சு?"

"மடியிலம்மா. மடி. தெரியாதா?"

தெரியும். அதைப்பற்றி அவளுக்குத் தெரிந்த அளவு அந்த அறையில் எவருக்கும் தெரியாது. இப்போது கை மேசைக்குப் பழகிவிட்டது, நேராகத்தான் போகும். மடியோ பழையபடி சரியும். மேடை என்று எழுதினால் வலது ஓரத்தில் கோட்டுக்குள் முங்கும். செயலாளர் இம்முறை மூடியில் அமர்வார். யாருடைய மூடியில் என்று கேட்பார்கள். எண் ஒட்டும் வேலையின் பசைச் சுவை நாக்கில் வந்தது.

சுற்றிலும் எல்லாரும் அட்டையை மடியில் வைத்துத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளும் வைத்தாள். இடது கால், யாரும் கேட்காமலே, நுனிவிரலில் எழுந்தது. அப்போதுதான் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தாள். தேர்வு விதிப்படி லேபிள் கிழித்த, உள்ளே தெரிகிற பாட்டில். வரும் வழியில் ஒரு வாய் குடித்திருந்தாள். அந்த ஒரு வாய் அளவுக்கு உள்ளே காற்று.

பாட்டிலை அட்டையின்மேல் படுக்கவைத்து, உருளாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டாள். காற்றுக் குமிழி இடது பக்கம் ஓடியது. வலது செருப்பைக் கழற்றி, அதை மடித்து, வலது குதிகாலுக்கு அடியில் செருகினாள். குமிழி நகர்ந்தது, போதவில்லை. இடது செருப்பையும் கழற்றி அதன்மேல் வைத்தாள். குமிழி நடுவுக்கு வந்து, கொஞ்சம் யோசித்து, நின்றது.

கண்காணிப்பாளர் வந்து மேலே நின்றார். "என்னம்மா பண்றீங்க?"

"மட்டம் பாக்கறேன் சார்."

"எத?"

"மடிய."

அவர் விதிமுறைத் தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார். மடியை மட்டம் பார்க்கக்கூடாது என்று எங்கும் போட்டிருக்கவில்லை. போய்விட்டார்.

வாசிப்பு தொடங்கியது. குழந்தைகள் நல முகாம் பற்றிய சுற்றறிக்கை. அவளுக்கு மட்டும் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் எங்கோ ஒரு ரப்பர் சுத்தியல் தட்டியது. கை ஓடியது. இடது கால் தன் பாட்டுக்கு நுனிவிரலில் நின்றது, அட்டை சரியவில்லை.

பிறகு கணினி அறை. நோட்டைப் பார்த்துப் பார்த்து உயிர் கொடுத்துக்கொண்டே வந்தவள் ஒரு வரியில் நின்றாள். "கைக்குழந்தைகளை" என்பது தெளிவாக இருந்தது. "வைத்தே எடை பார்க்க வேண்டும்" என்பதும் தெளிவு. நடுவில் ஒரு வளைவு, ஒரு கோடு. வரியின் வலது ஓரத்தில். கோட்டைத் தொடாமல், மேலே மிதந்தபடி.

மடியில் வைத்தே எடை பார்க்க வேண்டும். 

அப்படி யார் எடை பார்ப்பார்கள்? எடை பார்க்கும் இயந்திரத்துக்கு ஒரு மேடை இருக்கிறது. குழந்தையை மேடையில் வைப்பார்கள். புத்தி மேடை என்றது. பயம், இன்னொரு மடியா, வேண்டவே வேண்டாம் தாயே, மேடை என்று போடு என்றது. பக்கத்து நாற்காலியில் இருந்தவர் தலையைச் சொறிந்துகொண்டு திரையை முறைத்தார். அவருக்கும் அதே இடம்தான் போலிருந்தது.

அவள் நோட்டை மறுபடி பார்த்தாள். போன வருடக் கை எழுதியிருந்தால் சந்தேகப்படலாம். இது மட்டமான மடியில், மட்டமான கை எழுதியது. குமிழி நடுவில் நின்றதைக் கண்ணால் பார்த்தாள். உட்கார்ந்திருந்தால் மேடை, மிதந்தால் மடி. மிதக்கிறது. கண்ணைச் சுருக்கி, அண்ணிபோல ஒருமுறை அதைப் பார்த்துவிட்டு, மடியில் என்று தட்டினாள்.

வெளியே மரத்தடியில் எல்லாரும் கூடி நின்று அந்த வரியைத்தான் பிய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மேடைதான். அதுல என்ன சந்தேகம்?" என்றார் ஒருவர்.

"எனக்கு மூடின்னு வந்துது. அப்புறம் யோசிச்சு மேடைன்னு மாத்திட்டேன்."

"நீங்க என்ன போட்டீங்க?" என்று அவளைக் கேட்டார்கள். அவள் செருப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது கேலி செய்ய அண்ணனுக்கே மனம் வரவில்லை. சட்டைப்பையிலிருந்த எண் சுருளை எடுத்து அலமாரியில் வைத்தான். தூக்கிப் போடவில்லை.

முடிவு வெளியான நாளில் அண்ணன்தான் போனைப் பிடித்திருந்தான். தேறியவர் பட்டியலுக்கு முன்னால் தேர்வில் வாசித்த பகுதியை முழுதாகப் போட்டிருந்தார்கள். அவன் அதைச் சத்தமாகப் படித்துக்கொண்டே போனான். "கைக்குழந்தைகளை..." நிறுத்தினான். அண்ணியின் கையில் சுத்தியல் அப்படியே நின்றது.

"மடியில் வைத்தே எடை பார்க்க வேண்டும்" என்று படித்தான் அண்ணன். "அடப்பாவி, அம்மாவோட சேத்துப் பாத்துட்டு, அப்புறம் அம்மா எடையக் கழிச்சுக்குவாங்க போல. அழற குழந்தை மெஷின்ல நிக்காதுல்ல."

"பட்டியலப் பாருங்க" என்றாள் அண்ணி.

விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான். மேடம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணன் தொண்டையைச் செருமினான். வேறு குரலில், ஏலக்கடைக் குரலில், நிறுத்தி நிதானமாகச் சொன்னான்.

"மடம், ஒருதரம்."

மேடம் சுவரைவிட்டுத் திரும்பினாள்.

"மடம், ரெண்டுதரம்."

"என்னங்க, உயிர வாங்காதீங்க."

"மேடம். மூணுதரம்."

அண்ணி சுத்தியலால் தரையில் ஒரு தட்டுத் தட்டினாள். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, மறுபடியும் ஆரம்பித்துவிட்டீர்களா என்று கேட்டார்.

வேலையில் சேர்ந்த அன்று ஒரு பியூன் அவளை அவளுடைய அறைக்குக் கூட்டிப்போனார். "வாங்க மேடம்" என்றார். அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் அண்ணன் இல்லை. அது வெளியாள் வாயிலிருந்து வந்த மேடம்தான். ஜன்னலோரம் அவளுக்கென்று ஒரு மேசை இருந்தது. மேசையின் நடுவில், அடர்ந்த மீசையோடு, எதையோ நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தபடி, பெரியவர் உட்கார்ந்திருந்தார்.

"இவரு..." என்றாள் மேடம்.

"வாசல் பீடத்துக்குன்னு வாங்கினாங்க மேடம். கடைசியில பீடம் சின்னதாப் போச்சு. எடம் கெடைக்கற வரைக்கும் இங்கதான்."

"யாரு இவரு?"

"நம்ம ஆபீஸ ஆரம்பிச்சவர்னு சொல்றாங்க." பியூன் குரலைத் தாழ்த்தினார். "கொஞ்சம் கோபக்காரராம்."

உள்ளறையிலிருந்து அதிகாரி கூப்பிட்டார். கடிதம் ஒன்று அவசரமாம், இங்கிருந்தே சொல்கிறேன் எழுதிக்கொள்ளுங்கள் என்றார். மேடம் பெரியவரை வணங்கிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். இரண்டு செருப்புகளையும் கழற்றி வலது குதிகாலுக்கு அடியில் வைத்தாள். பையிலிருந்த பாட்டிலை எடுத்து, ஒரு வாய் குடித்து, நோட்டின்மேல் படுக்கவைத்துப் பார்த்தாள்.

"சொல்லுங்க சார்" என்றாள்.